வறண்ட ஆற்றில் ஒரு படகுத்துறை

படகுத்துறைக் குத்தகை என்பது பார்க்கிறவர்களுக்குத் தண்ணீரில் மிதக்கிற தொழில். எடுத்தவர்களுக்கு வருஷத்தில் பாதி நாள் மணலில் முழங்கால் புதைகிற தொழில்.

பழைய வீட்டுக்கு ஓடு மாற்றப் போய்ச் சுவரையே எழுப்ப நேர்ந்தவர்கள், தூர்ந்த கிணற்றைத் தொட்டுவிட்டு ஏன் தொட்டோம் என்று தலையில் கை வைத்தவர்கள், இவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். நான் சொல்லாமலே பாதி விளங்கிவிடும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சுருக்கிச் சொல்ல வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

எங்கள் துறை கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே இருக்கிறது. அரியலூர்ப் பக்கத்துச் சனங்கள் தஞ்சாவூர்ச் சீமைக்குப் போக இங்கேதான் படகு ஏறுவார்கள். கரையிலிருந்து ஆற்றுக்குள் வரிசையாகப் பனங்கால் ஊன்றி, குறுக்கே சட்டம் கட்டி, மேலே பலகை பரப்பியிருக்கும். கோடையில் ஆறு காய்ந்துவிட்டால் படகைக் கரையில் கவிழ்த்துவிடுவார்கள். சனங்கள் மணலிலேயே நடந்து அக்கரை போவார்கள். தண்ணீர் இல்லாத அந்த மாசங்களில்தான் துறையை மராமத்துப் பார்க்க முடியும்.

பலகை உடைந்தது

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு தை மாசம். எங்கள் வீட்டுக்காரர் படகை இழுத்துக் கட்டும்போது துறையில் ஒரு பலகை உளுத்து விட்டுக்கொடுத்தது. கீழே விழுந்து இடுப்பு எலும்பில் அடி. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வைத்தியர், ஆறு மாசம் கட்டிலை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அது போதாதென்று மாசியில் குத்தகை விடும் ஆபீசிலிருந்து ஒரு காகிதம். ஆடி வெள்ளம் வருவதற்கு முன் துறையைப் புதுப்பிக்க வேண்டும், கால்கள் தண்ணீரில் மறைவதற்குள் ஓவர்சியர் வந்து பார்ப்பார், அவருக்குச் சரியென்று படாவிட்டால் படகு மேற்கே இரண்டு மைல் தள்ளியிருக்கும் அடுத்த துறைக்கு மாற்றப்படும் என்று எழுதியிருந்தது. படகு போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. காணி நிலம்கூடக் கிடையாது.

ஆள் தேடினேன். இளவட்டங்கள் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். தச்சர்கள் யுத்த வேலைக்குப் போயிருந்தார்கள். படகுக்காரர்கள் வழக்கம்போல் கோடைக்கு அக்கரையில் அறுப்புக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவள் சவேரியம்மாள் ஒருத்திதான். அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வருஷம் படிப்பை நிறுத்தியவர்கள். புருஷன் இறந்த பிறகு துறைக்குப் பக்கத்தில் புட்டும் மோரும் விற்றுக்கொண்டிருந்தாள். படகு போனால் அவள் கடையும் போகும். நான் ஒரு மூச்சு அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, நாமே செய்வோம் என்றாள். எனக்கு எதைத் தொட்டாலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். அவளுக்கு எதுவுமே முன்கூட்டித் தோன்றாது. இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் வேலை ஆரம்பமாகிவிடும், முடிவதுதான் கஷ்டம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். கட்டிலில் கிடந்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"வுழறதுக்கு இந்த வூட்ல நான் ஒருத்தன் போதும். நீங்களும் வந்து பக்கத்துல படுத்துட்டா கஞ்சி யாரு காய்ச்சறது?"

குதிரைக் குளம்பு

கால்களுக்குப் பனை கிடைத்தது. முந்தின ஐப்பசிக் காற்றில் சாய்ந்த வைரம் பாய்ந்த மரங்கள். பலகைக்குத்தான் அலைந்தோம். நல்ல மரமெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. அரும்பாவூரில் சாமி வாகனம் செய்யும் ஆசாரி ஒருவரிடம் இலுப்பைப் பலகை இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு பேரும் அரியலூர் போய், பெரம்பலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் எல்லாரையும் இறங்கச் சொல்வார்கள். அரும்பாவூரில் போய் இறங்கியபோது எங்களை யாராவது கரி மூட்டம் போடுகிறவர்கள் என்று நினைத்திருந்தால் தப்பில்லை.

ஏதோ ஒரு கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்ய அறுத்த பலகை, யுத்தத்தால் அந்த வேலை நின்றுவிட்டது என்று சொல்லி ஆசாரி கொடுத்தார். வண்டி மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தது. இறக்கிப் பார்த்தால் ஒரு பலகையில் குதிரையின் காலும் குளம்பும், அதன் மேல் ஒரு வரிசை சலங்கையும் பாதி செதுக்கியிருந்தது. நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். சாமிக்கென்று செதுக்கியதை எப்படி மிதிக்கச் சொல்வது? வண்டிக்காரர் உடனே செருப்பைக் கழற்றிவிட்டார். மணலில் நடந்து வந்த நாலு பேர் நின்று ஆளுக்கு ஒரு சாஸ்திரம் சொன்னார்கள். செதுக்கிய பக்கத்தைக் கீழே திருப்பிப் போடலாம் என்றாள் சவேரி. அப்படிப் போட்டால் குதிரை மல்லாந்து நீந்துகிற மாதிரி ஆகும் என்றார் ஒருவர். கடைசியில் அந்தப் பலகையைத் துறையில் போடாமல், கரையில் படகு ஏறுகிறவர்கள் கைபிடித்து இறங்கும் இடத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்துவதாக முடிவாயிற்று. மற்றப் பலகைகளிலும் உளிபட்ட இடம் இருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் மூட்டையோடு நின்ற அக்கரைக் கிழவி ஒருத்தி பொறுமை இழந்துவிட்டாள்.

"குதிரையைத் தொட்டு ஆத்தைத் தாண்டுற யோகம் ராசா வூட்டுல பொறந்தவளுக்கே கெடைக்காது. இதுக்குப் போயி அழுவுறியே, நவுரு."

ஊற்றங்கரைச் சண்டை

ஆற்று மணலில் குழி தோண்டிக் கால் நட முடியாது. தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும். அதற்கு வழி வேறு. பனங்காலை நிமிர்த்திப் பிடித்து, அடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். மணல் இளகிக் கொடுக்கும். கால் தன் கனத்திலேயே இறங்கும். தண்ணீரை நிறுத்தியதும் மணல் பிடித்துக்கொள்ளும். பிறகு யானை வந்தாலும் அசைக்க முடியாது. இது எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தபடி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி, அங்கிருந்தே சாய்கிறது, சாய்கிறது என்று கத்திக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

தண்ணீருக்கு எங்கே போவது? மணலில் தோண்டிய ஊற்று ஒன்றுதான். ஒரு காலுக்கு முப்பது குடம் போகும். அதே ஊற்றில்தான் ஊர்ப் பெண்கள் குடிக்க மொள்ளுவார்கள். மூன்றாம் நாள் ஊற்று கலங்கிவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்தபடி வரிசையாக நின்று எங்களைப் பேசினார்கள். எங்கள் துறையை, எங்கள் குத்தகையை, நாங்கள் சாப்பிட்ட சோற்றை, ஒன்றையும் விடவில்லை. சவேரி திருப்பிப் பேசினாள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கெஞ்சினேன். பிறகு நாங்கள் தனியாக இன்னொரு ஊற்றுத் தோண்டிக்கொண்டோம். அது இன்னும் நூறு அடி தூரம். சண்டை உச்சத்தில் இருக்கும்போது அரியலூரிலிருந்து ஏதோ ஜோலியாக வந்த குமாஸ்தா ஒருவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"தண்ணி இல்லாத ஆத்துக்குப் படகுத்துறை, தண்ணி இருக்குற ஊத்துக்குச் சண்டை. நல்லாருக்கும்மா உங்க ஊரு."

ஊறவைத்த கயிறு

இனிச் சொல்லப்போவது நாங்கள் செய்த தப்பு. இதில் ஆற்றையோ ஆபீசையோ குறை சொல்ல முடியாது.

ஆணி கிடைக்காத காலம். இரும்பு முழுக்க யுத்தத்துக்கு. சட்டத்தைக் காலோடும், பலகையைச் சட்டத்தோடும் தேங்காய்க் கயிற்றால்தான் பிணைக்க வேண்டும். கட்டுகிற வேலை என்றதும் எனக்கு முதல் தடவையாகத் தைரியம் வந்தது. நானும் சவேரியும் பாவாடை கட்டிய நாளிலிருந்து வேலி கட்டியவர்கள். பனைநாரை ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பதமாக எடுத்து இழுத்துக் கட்டினால், காயக் காய இறுகும். ஊறாத நாரைத் தொடுகிறவளை எங்கள் பக்கத்தில் வேலை தெரியாதவள் என்பார்கள். அதனால் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காய்க் கயிறு அத்தனையையும் ஊற்றில் முக்கி வைத்து, சொட்டச் சொட்ட எடுத்துக் கட்டினோம். அறுபது முடிச்சுக்குக் குறையாது. உள்ளங்கைத் தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டோம்.

ஆனி வெயில். நாலு நாள் கழித்து எங்கள் படகுக்காரர் பெருமாளண்ணன் அறுப்பு முடிந்து அக்கரையிலிருந்து வந்தார். துறையில் ஒரு கால் வைத்தார். அச்சு கழன்ற வண்டி மாதிரி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை கடகடவென்று ஆடியது. அவர் குனிந்து ஒரு கட்டுக்குள் விரலை விட்டுச் சுற்றினார். விரல் தாராளமாகச் சுற்றியது. பிறகு நிதானமாக விளக்கினார். நார் என்பது ஒற்றை இழை, காய்ந்தால் இறுகும். கயிறு என்பது முறுக்கியது, நனைந்தால் உப்பிக் குறுகும், காய்ந்தால் நீண்டு தளரும். துறைக்குக் கயிற்றைக் காய்ந்தபடி கட்டிவிட்டு, இறுக்குகிற வேலையை ஆற்றிடம் விட்டுவிட வேண்டும். வேலி கட்டுகிற பழக்கத்தில் ஊறவைத்துவிட்டோம் என்று அவரிடம் சொன்னேன்.

"வேலின்னா அருமையான வேலிம்மா இது, ஒரு ஆட்டுக்குட்டி நுழைய முடியாது. ஆனா இது மேல மனுசன் நிக்கணுமே."

ஓவர்சியர்

மறுநாளே அவிழ்க்கத் தொடங்கினோம். கட்டுத்தான் தளர்ந்திருந்தது, முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. மர ஆப்பை நுழைத்து நெம்பி, பல்லால் கடித்து, பொழுது சாயும்வரை ஆறு முடிச்சு அவிழ்த்தோம். அவற்றைக் காய்ந்த கயிற்றால் திருப்பிக் கட்டினோம். ஓவர்சியர் வர இன்னும் எட்டு நாள் இருந்தது. ஒரு மாதிரியாக முடித்துவிடலாம் என்று பெருமாளண்ணன் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. நான் நம்பாதது சரியாகப் போயிற்று. மறுநாள் காலையில் அணைக்கரைப் பாதையில் சைக்கிள் வருகிறது. வருவதாக இருந்த நாளில் அவர் வீட்டில் ஒரு கலியாணமாம், அதனால் முன்கூட்டியே வந்துவிட்டார்.

நான் ஓடிப்போய் அவரை மறித்து, வெயிலில் வந்தவர் முதலில் ஒரு வாய் மோர் குடிக்க வேண்டும் என்று வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனேன். சவேரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கனவே இரண்டு கையிலும் குடத்தோடு ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெருமாளண்ணன் பின்னால் இன்னும் இரண்டு குடம். எங்கள் வீட்டுக்காரரும் நிலைமையைப் புரிந்துகொண்டு, தன் இடுப்பு உடைந்த கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். சாதாரணமாக அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் நீட்டக் கூடாதா என்று இருந்தது. மோருக்குப் பிறகு புட்டு, புட்டுக்குப் பிறகு மறுபடியும் மோர்.

ஓவர்சியர் துறையில் ஏறியபோது அது பாறை மாதிரி நின்றது. குதித்துப் பார்த்தார். அசையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் நாடாவை எடுத்து ஒவ்வொரு பலகையாக அளக்கத் தொடங்கினார். நிதானமான மனுஷர். வெயில் ஏறியது. மேல் பக்கத்துக் கட்டுகள் வெளுக்கத் தொடங்கின. முதலில் ஒரு சின்ன முனகல் கேட்டது. உடனே சவேரி வந்து, பலகை காய்ந்தால் சாருக்குக் கால் சுடும் என்று சொல்லி ஒரு குடம் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முனகல், இன்னொரு குடம். மூன்றாவது குடம் அவர் பூட்ஸுக்குள் போயிற்று. அவர் அளப்பதை நிறுத்தினார். பூட்ஸைப் பார்த்தார், சவேரியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். குனிந்து, வெளுத்திருந்த ஒரு கட்டுக்குள் விரலை விட்டார்.  படகு மேற்கே இரண்டு மைல் போவது கண்ணுக்குத் தெரிந்தது. இதைக் கட்டியது யார் என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும்தான் என்றேன். இதற்கு முன்னால் என்ன கட்டியிருக்கிறீர்கள் என்றார். வேலி என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை. அவர் நாடாவைச் சுருட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்புச் சாய டப்பாவை எடுத்து, ஒவ்வொரு முடிச்சாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். அது பார்த்துச் சரியென்று விட்ட வேலைக்கு அடையாளம்.

"தண்ணியில நிக்க வேண்டிய துறை, தண்ணியில உறுதியாத்தான் நிக்கிது, அப்படியே எழுதிடறேன். ஆனா நான் பொட்டு வெச்ச முடிச்சை அவுத்தீங்கன்னா மறுபடியும் பார்வைக்கு எழுதிப் போடணும்மா, அதுக்குள்ள ஆடி போயிடும்."

நீர்ப்பாய்ச்சல்

அவர் போன பிறகுதான் நாங்கள் மாட்டிக்கொண்டது விளங்கியது. அவிழ்த்துக் கட்டினால் பொட்டு போகும், பொட்டு போனால் துறை போகும். அவிழ்க்காமல் விட்டாலோ ஆடிக் காற்று ஆனியிலேயே அடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் நாங்கள் சற்றுக் கண் அயர்ந்த நேரத்தில் ஒரு சட்டம் தளர்ந்த கட்டிலிருந்து நழுவி, பொட்டு வைத்த முடிச்சோடு தொங்கியது. பெருமாளண்ணன் முடிச்சைத் தொடாமல் அதைத் திருப்பி உள்ளே தட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ஆற்றில் தண்ணீர் வருகிற வரைக்கும் கட்டுகளை நனைத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆயிற்று.

விடிந்ததும் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. இருபத்திரண்டு நாள். தோட்டத்துக்குக்கூட யாரும் அப்படி ஊற்றியிருக்க மாட்டார்கள். மேற்குத் துறைக்காரர் இரண்டு தடவை வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனார். சவேரிக்கு நடுவில் மூன்று நாள் காய்ச்சல். அந்த மூன்று நாளும் நான் ஒருத்தியே சுமந்தேன். இடுப்பில் புண் வந்தது. ஒவ்வொரு குடம் ஊற்றும்போதும் மேட்டூருக்கு மேலே மழை இல்லையோ, இந்த வருஷம் வெள்ளமே வராதோ என்ற கவலையும் சேர்ந்து ஊறும். மணலில் நடந்து போகிறவர்களுக்கு நாங்கள் நல்ல வேடிக்கை. ஒருவன் வெல்ல மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நான் ஒவ்வொரு காலின் கட்டுக்கும் செம்பு செம்பாக ஊற்றுவதை முழுக்க இருந்து பார்த்தான்.

"ஏக்கா, பனையை நட்டு நல்லா நீர் பாய்ச்சுறீங்க, எந்த மாசம் நுங்கு வெட்டலாம்?"

வெள்ளம்

ஆடி பிறந்து எட்டாம் நாள் முற்பகலில், மேற்கே மணல் நிறம் மாறியதைப் பெருமாளண்ணன்தான் முதலில் பார்த்தார். அழுக்கு நுரை ஒரு கோடாக ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் சருகு, சருகுக்குப் பின்னால் செந்தண்ணீர். நாங்கள் குடத்தைப் பிடித்தபடியே கரையில் நின்றோம். மத்தியானத்துக்குள் தண்ணீர் கால்களில் ஏறியது. முதல் வரிசைக் கட்டுகள் நனைந்ததும் மெல்ல நெரிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வரிசை. விரல்களைச் சொடக்குப் போடுகிற மாதிரி துறை முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. பெருமாளண்ணன் போய்ப் பலகையின் நடுவில் நின்று, இரண்டு காலையும் அகட்டி ஆட்டிப் பார்த்தார். துறை அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் படகை இறக்கினார். முதல் நடையில் பதினொரு பேர் ஏறினார்கள், ஒரு ஆடும். எங்கள் துறையில்தான் ஏறினார்கள். மேற்குத் துறைக்காரர் அன்று வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு கரை வரைக்கும் நடந்து வந்து, வலது பக்கம் சாய்கிறது என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. படகு நடு ஆற்றுக்குப் போகிற வரைக்கும் நான் கரையில் குதிரைக் குளம்புப் பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அது எங்கே போய்விடப் போகிறது என்று எனக்கே தெரியாது. சவேரி கடை திறந்து அடுப்பை மூட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். வியர்த்துக் கிடக்கிறாளே என்று ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. செம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தைலம்மை, நீ நல்லா இருப்ப, ஒரு மாசத்துக்கு என் கண்ணுல தண்ணியைக் காட்டாத."

பழைய துறையைப் புதுப்பிப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், ஆறு ஒரு மத்தியானத்தில் செய்து முடிக்கிற வேலையை இரண்டு பெண்கள் இருபத்திரண்டு நாள் குடத்தில் சுமந்து ஆற்றுக்குச் செய்து காட்டுவது என்று சொல்லிவிட்டு, அவர்கள் மேற்கொண்டு ஏதும் கேட்பதற்குள் நான் உள்ளே போய்விடுகிறேன்.